முடுக்கமா? ஆர்முடுகலா?

சென்னையினின்று வடக்கு நோக்கிக் கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம் எளாவூர். நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடியால் வெளியுலகுக்குப் பெயர் தெரிந்த ஊர். அங்கிருந்து கிழக்கே சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் சென்றால் பழவேற்காட்டு ஏரி. அவ்வேரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது சிறீகரிக்கோட்டைத் தீவு. நீரில் கழியூன்றி ஓடம் உந்திச் செல்லும் மீனவர் ஒருபுறம், இருப்புப்பாதையிற் பாயும் தொடர்வண்டி ஒருபுறம், நெடுஞ்சாலையிற் சரக்குந்து, வானிற் கிளம்பும் ஏவூர்தி. நேர்கோட்டில் இயங்கும் பொருளின் விரைவையும் முடுக்கத்தையும் கணக்கிடக் கற்கும் பிள்ளைக்கு இதனினும் பெரிய ஆய்வுக்கூடம் எங்கே அமையும்?

ஆயினும் அப்பாடத்தில் எளாவூர்ப் பிள்ளையும் இடறுகிறது. எழும்பூர்ப் பிள்ளையும் இடறுகிறது. இடறியதைக் கண்டவுடன், “பார்த்தீர்களா, இதற்குத்தான் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்றோம்” என்று ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டு எழுகிறது. ஆங்கிலத்தில் கற்கும் பிள்ளையும் அதே இடத்தில் இடறுகிறது என்பதை அக்கூட்டம் பார்ப்பதில்லை, பார்த்தாலும் சொல்வதில்லை. அங்கே இடறல், விளங்காத சொல்லை உருப்போட்டு மறைக்கப்படுகிறது. தமிழில் அது வெளியே தெரிந்துவிடுகிறது. அவ்வளவே வேறுபாடு. எனினும் குறை முழுதும் மாற்றாரிடமே உண்டென்று சொல்லிவிடுவதும் நேர்மையாகாது. தமிழர் தம் கலைச்சொற்களில் செய்துவைத்துள்ள குளறுபடியும் அவ்விடறலுக்கு ஓர் ஏது. அதை ஒளிவின்றி எடுத்துப் பேசவேண்டிய நேரம் இது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கை அறியாது சொல்லை மட்டும் எடைபோடுவது, மீனைப் பாராமல் கூடையை விலை பேசுவது போலாகும்.

ஓர் ஓடம் கரையினின்று நேர் கிழக்கே 600 மீட்டர் செல்கிறது; அதற்குப் பத்து நிமையம் ஆகிறது. பின் வந்த வழியே மேற்கே 400 மீட்டர் திரும்பி நிற்கிறது. அதற்கும் பத்து நிமையம். ஓடம் கடந்த தொலைவு 1,000 மீட்டர். ஆனால் புறப்பட்ட இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் இடையே உள்ளது 200 மீட்டரே, அதுவும் கிழக்கே. முன்னது தொலைவு, பின்னது இடப்பெயர்ச்சி. தொலைவை நேரத்தால் வகுத்தால் நிமையத்துக்கு 50 மீட்டர். இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் நிமையத்துக்குப் பத்தே மீட்டர், கிழக்கு நோக்கி. கழியூன்றியவனின் தோள் அறிவது முதல் எண்ணை. வலை கிடக்கும் இடத்தைத் தேடிச் செல்பவனுக்கு வேண்டியது இரண்டாம் எண். இரண்டும் மெய், இரண்டும் வேறு. ஆகவே இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும்.

இங்கேதான் முள் தைக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முதலாவதற்கு ‘வேகம்’ என்றும் இரண்டாவதற்குத் ‘திசைவேகம்’ என்றும் பெயர். ஈழத்துப் பாடநூல்களிலோ முதலாவது ‘கதி’, இரண்டாவது ‘வேகம்’. ஒரே சொல், ஒரே மொழி, பாக்கு நீரிணைக்கு இப்பால் ஒரு பொருள், அப்பால் வேறு பொருள்! திசையைக் கருதாத அளவுக்குத் தமிழ்நாடு சூட்டிய பெயரையே, திசையைக் கட்டாயம் கருதவேண்டிய அளவுக்கு ஈழம் சூட்டியிருக்கிறது. திசைவிரைவின் மாற்றவீதத்துக்கு இங்கே ‘முடுக்கம்’; அங்கே ‘ஆர்முடுகல்’. விரைவு குறைந்துவருதலை இங்கே ‘எதிர்முடுக்கம்’ என்பர். அங்கே ‘அமர்முடுகல்’ என்பர்.

இது நூலறையில் அமர்ந்து புலவர்கள் சுவைத்துப் பேசும் வேறுபாடன்று. எளாவூருக்குத் தெற்கே சிறிது தொலைவில் கும்மிடிப்பூண்டியில், பல்லாண்டுகளாக ஈழத்தமிழ் ஏதிலியர் குடியிருப்பு உள்ளது. 2021ஆம் ஆண்டு முதல் ‘மறுவாழ்வு முகாம்’ என அரசு பெயர் மாற்றிய குடியிருப்புகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மன்னாரிலோ பள்ளிப்படிப்பை முடித்து வந்த தந்தையொருவர், இங்கே ஒன்பதாம் வகுப்புப் பயிலும் தம் மகளுக்கு இரவில் கணக்குச் சொல்லித்தர அமர்கிறார் என்று எண்ணிப் பார்க்க. வினாவில் ‘வேகம்’ என்று இருக்கிறது. தந்தை தாம் கற்றபடி இடப்பெயர்ச்சியை எடுத்து நேரத்தால் வகுக்கிறார். ஓடக் கணக்கில் அவருக்கு விடை பத்து. மகளின் ஆசிரியர்க்கு விடை ஐம்பது. மறுநாள் அவ்விடை மேல் சிவப்புக்கோடு விழுகிறது. தந்தைக்கு அறிவு குறைந்ததா? மகளுக்குக் கவனம் குறைந்ததா? இரண்டும் இல்லை. நாடிழந்து, வீடிழந்து, கடல்கடந்து வந்தவர்க்குத் தாய்மொழி ஒன்றாயினும் முழுமையாய்த் துணைநிற்கும் என்றிருந்த இடத்தில், அம்மொழியே அவரைத் தம் மகள் முன் தலைகுனிய வைக்கிறது. இக்கொடுமைக்கு ஆங்கிலவன் பொறுப்பல்லன், வடமொழியாளனும் பொறுப்பல்லன். ஒருமுறை கூடியமர்ந்து பேசாத தமிழறிஞர் குழாமே பொறுப்பு.

இனிச் சொற்களின் தகுதியை நோக்குக. ‘வேகம்’, ‘கதி’ இரண்டும் வடசொற்கள். வடசொல் என்பதற்காக மட்டும் அவற்றைத் தள்ளவேண்டும் என்பதில்லை. தள்ளுவதற்கு வலிய ஏது அவற்றின் பொருள் நழுவலிலேயே உள்ளது. ‘வேகமாக வா’, ‘வேகம் தணிந்தது’, ‘பேச்சில் வேகம் இருந்தது’ என்று நூறு வகையாய் வழங்கி உருத்தேய்ந்துபோன சொல் அது. ‘கதி’ என்றாலோ தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் புகலும் தலைவிதியும்தான் நினைவுக்கு வரும். மாறாக ‘விரைவு’ என்பது, கதழ்வு, துனைவு என்னும் உரிச்சொற்களுக்குப் பொருள் கூறத் தொல்காப்பியரே உரியியலில் கையாண்ட தூய தமிழ்ச்சொல். தெரியாத சொல்லுக்குத் தெரிந்த சொல்லால் பொருள் கூறுவதே முறையாதலின், அக்காலத்திலேயே அது எல்லார்க்கும் விளங்கிய சொல்லாய் இருந்தது தெளிவு. இன்றும் விளங்குகிறது. ஆதலின் திசை கருதாததை ‘விரைவு’ என்றும், திசை கருதியதைத் ‘திசைவிரைவு’ என்றும் வழங்குதலே நேரிது. திசை தமிழா வடசொல்லா என்று வழக்காடுவார் உளர். அவ்வழக்கு முடியும்வரை பிள்ளையைத் தேர்வறைக்கு வெளியே நிறுத்திவைக்க இயலாது.

முடுக்கம் என்பதோ அருஞ்சொல். மாட்டை முடுக்கினான், வண்டியை முடுக்கினான், திருகாணியை முடுக்கினான் என்று உழவரும் தச்சரும் நாளும் வழங்குவது. அதன் வேராகிய ‘முடுகு’ இன்னும் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் கடைசியாக நிற்பது முடுகு வண்ணம். பாட்டின் ஓட்டம் அடிவரை அறியாதபடி மேன்மேல் விரைந்து செல்வதற்கு இட்ட பெயர் அது. ஒரே விரைவில் உருண்டோடுவதன்று, விரைவே விரைந்து கூடுவது. இயற்பியலார்க்கு வேண்டிய கருத்தும் அதுவே. ஈழத்தவர் ‘ஆர்முடுகல்’ என்றபோதும் அவ்வேரையே பற்றினர். ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். நிறைந்து முடுகுவது ஆர்முடுகல். அடங்கி முடுகுவது அமர்முடுகல். சொல்லாக்கத்தில் ஈழத்தமிழர்க்கு உள்ள துணிவும் செப்பமும் இவ்விரு சொல்லிலும் தெரிகின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மானிப்பாயில் அமர்ந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துத் தமிழிலேயே நூல்களும் வெளியிட்ட மண்ணன்றோ அது!

இவ்விடத்தில் ஒரு குறுக்கீடு. முடுகு என்னும் சொல் தொல்காப்பியத்தில் உண்டு என்றவுடன், “முடுக்கக் கணக்கும் தமிழன் கண்டதே” என்று மேடையில் முழங்கப் புறப்படுவார் சிலர். வேண்டா. சொல் இருந்தது, வாய்பாடு இருந்தமைக்குச் சான்று இல்லை. இல்லாததை உண்டென்பவர், உள்ளதையும் பிறர் நம்பாதபடி செய்துவிடுகின்றனர். எழுத்தின் ஒலிப்பளவாகிய மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாக வைத்தவர் தொல்காப்பியர். அந்த ‘நொடி’ இன்று மணியின் 3,600இல் ஒரு பங்குக்குப் பெயராய் நிற்கிறது. அவ்வளவில் பெருமைப்படலாம், அவ்வளவே உண்மை.

தொடர்வண்டிக்கு வருவோம். எளாவூர் நிலையத்தை விட்டு வடக்கு நோக்கி ஒரு வண்டி புறப்படுகிறது. 40 நொடியில் அதன் விரைவு நொடிக்கு 20 மீட்டராகிறது என்று கொள்க. கூடிய விரைவு 20. எடுத்த நேரம் 40. இருபதை நாற்பதால் வகுக்க அரை. அதாவது ஒவ்வொரு நொடிக்கும் அதன் விரைவு நொடிக்கு அரை மீட்டர் கூடிற்று. ‘நொடிக்கு, நொடிக்கு’ என்று இருமுறை வருவதுதான் பிள்ளைகளை மருட்டுவது. ஆங்கிலத்திலும் அப்படியே இருமுறை வரும், அங்கும் மருட்டும். ஆனால், “திங்களுக்கு ஆயிரம் உருவா சம்பளம், ஆண்டுதோறும் திங்களுக்கு நூறு உருவா உயர்வு” என்றால் மருள்கிறவர் யார்? சம்பளம் விரைவு போன்றது. ஆண்டு உயர்வு முடுக்கம் போன்றது. கூலிக்குச் செல்லும் தாயின் பிள்ளைக்கு இது ஒரு நொடியில் விளங்கும்.

இனி அந்த 40 நொடியில் வண்டி எவ்வளவு தொலைவு சென்றது? தொடக்கத்தில் விரைவு சுழி; முடிவில் 20. சீராகக் கூடிவந்தமையால் இரண்டுக்கும் நிரவல் 10. பத்து மீட்டர் வீதம் 40 நொடி. ஆக 400 மீட்டர். அதையே பத்துப் பத்து நொடியாகப் பிரித்தால் இன்னும் சுவை மிகும். முதற் பத்து நொடியில் 25 மீட்டர், அடுத்த பத்தில் 75, அடுத்ததில் 125, கடைசிப் பத்தில் 175. இருபத்தைந்தின் ஒரு மடங்கு, மும்மடங்கு, ஐம்மடங்கு, எழுமடங்கு! ஒற்றைப்படை எண்கள் வரிசைபிடித்து நிற்கின்றன. அசைவற்ற நிலையினின்று சீராக முடுகும் எப்பொருளுக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். சாய்பலகையில் உருண்டையை உருட்டி இதனைக் கண்டு உலகுக்குக் கூறியவர் இத்தாலியின் கலிலியோ. அதனை அவர் வெளியிட்டது 1638ஆம் ஆண்டு.

அந்நூலை அவர் எம்மொழியில் எழுதினார் என்பது தமிழர் கருதத்தக்கது. ஐரோப்பியப் புலமைக்கு அன்று இலத்தீனே மொழி. கலிலியோ தேற்றங்களை இலத்தீனில் வைத்தார். ஆனால் அவற்றை மூவர் அமர்ந்து ஆராயும் உரையாடல் முழுவதையும் தம் தாய்மொழியாகிய இத்தாலியத்தில் எழுதினார். நியூட்டன் 1687இல் தம் இயக்க விதிகளை இலத்தீனில் வெளியிட்டவர், 1704இல் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். இலத்தீனைத் துறந்தால் அறிவியல் அழியும் என்று அன்றும் சொன்னவர் இருந்திருப்பர். ஆங்கிலத்தைத் துறந்தால் அறிவியல் அழியும் என்று இன்று சொல்பவர்க்கு, ஆங்கிலமே ஒருகால் ‘அறிவியலுக்கு ஆகாத’ நாட்டுமொழியாய் இருந்தது தெரியாது போலும்.

எளாவூரில் புறப்பட்ட வண்டி 20 மீட்டர் விரைவை எட்டியபின் 200 நொடி அதே விரைவில் ஓடி, பின் 25 நொடியில் சீராக விரைவு தணிந்து அடுத்த இடத்தில் நிற்கிறது என்று கொள்க. நேரத்தைக் கிடைக்கோட்டிலும் விரைவைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து வரைந்தால், இருபுறமும் சரிந்து நடுவே தட்டையான ஒரு மேடு கிடைக்கும். அம்மேட்டின் பரப்பே வண்டி சென்ற தொலைவு. முதற் சரிவு 400, நடுத்தட்டு 4,000, இறுதிச் சரிவு 250. ஆக 4,650 மீட்டர். எடுத்த நேரம் 265 நொடி. நிரவல் விரைவு நொடிக்கு ஏறத்தாழ பதினேழரை மீட்டர். மணிக்கு 63 கிலோமீட்டர். நொடிக்கணக்கை மணிக்கணக்காக்க மூன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைய, அதாவது 3.6ஆல், பெருக்குவது ஏன் என்று பல பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை. மணிக்கு 3,600 நொடி. கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 3.6. மனப்பாடம் எதற்கு? வண்டியின் பலகணியோரம் அமர்ந்து, பாதையோரக் கிலோமீட்டர்க் கல் ஒன்றினின்று மறுகல் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தால் போதும். 50 நொடி ஆயின் நொடிக்கு 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர்.

இனி ஈழச்சொல்லின் அருமை வெளிப்படும் இடம். வடக்கை நேர்த்திசையாகவும் தெற்கை எதிர்த்திசையாகவும் கொண்டால், எளாவூரினின்று சென்னை நோக்கிப் புறப்படும் வண்டியின் திசைவிரைவு 40 நொடியில் சுழியினின்று எதிர் 20 ஆகிறது. அப்படியாயின் அதன் முடுக்கம் எதிர் அரை. ஆனால் வண்டி விரைவு தணிகிறதா? இல்லை; மேன்மேலும் விரைகிறது! எதிர்க்குறி வந்தவுடன் ‘எதிர்முடுக்கம்’ என்று எழுதி, “வண்டி மெதுவாகிறது” என்று விளக்கமும் தரும் பிள்ளை தவறிழைக்கிறது. தவறு பிள்ளையினதன்று; சொல்லினது. எதிர் என்பது திசையைக் குறிக்கும் கணக்குக் குறி. தணிதல் என்பது இயக்கத்தின் இயல்பு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டியமையால் வந்த கேடு இது. ‘அமர்முடுகல்’ என்னும் ஈழச்சொல்லில் இக்கேடு இல்லை. விரைவு அடங்குவதைமட்டும் அது சொல்கிறது. குறியைக் கணக்குக்கே விட்டுவிடுகிறது. திசைவிரைவும் முடுக்கமும் ஒரே பக்கம் நோக்கினால் பொருள் விரையும்; ஒன்றையொன்று எதிர்நோக்கினால் அமரும். இதைத் தெளிவாய்ச் சொல்ல இசைவான தமிழ்ச்சொல் இருக்க, அதைக் கடல்கடந்தது என்று தமிழ்நாடு கண்டுகொள்ளாமல் விட்டது அறியாமை என்பதா, செருக்கு என்பதா?

அமர்முடுகல் ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. எளாவூரை ஒட்டிச் செல்லும் சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையை நாளும் கடந்து பள்ளி செல்லும் பிள்ளைகள் உளர். சரக்குந்து ஒன்று நொடிக்கு 20 மீட்டர் விரைவில் வருகிறது. வலவன் தடையை மிதிக்கிறான். ஒவ்வொரு நொடிக்கும் விரைவு ஐந்து மீட்டர் வீதம் தணிகிறது. நிற்க நான்கு நொடி ஆகும். நிரவல் விரைவு பத்து. ஆக 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். அதே வண்டி பாதி விரைவில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில், வந்திருந்தால்? இரண்டு நொடி; நிரவல் ஐந்து; பத்தே மீட்டர். விரைவு இருமடங்கானால் நிற்கும் தொலைவு நான்மடங்காகிறது. வலவன் ஆபத்தைக் கண்டு மிதிப்பதற்குள் ஒரு நொடி கழியுமெனின், முன்னதில் இன்னும் 20 மீட்டரும் பின்னதில் பத்து மீட்டரும் சேரும். ஆக அறுபதும் இருபதும். நாற்பதடி தொலைவில் வரும் வண்டிக்கு முன் குறுக்கே ஓடலாமா கூடாதா என்பதைப் பத்து அகவைப் பிள்ளை தன் காலால் முடிவு செய்கிறது. அம்முடிவுக்கு உதவும் அறிவைப் பிள்ளைக்கு விளங்காத மொழியில் ஓதுவது எவ்வகை அறம்?

“நிலவுக்குப் போகும் காலத்தில் தமிழா?” என்பது மற்றொரு கேலி. நிலவுக்குப் போனவரையே கேட்போம். சிறீகரிக்கோட்டையினின்று 2023 சூலை 14ஆம் நாள் கிளம்பிய சந்திரயான்-3இன் இறங்குகலம், ஆகத்து 23ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியருகே இறங்கிற்று. (நிலவூர்தி என்று பெயரிட்டிருந்தால் அது இறங்க மறுத்திருக்காது.) இறங்குகையின் முதற்கட்டத்தில், 690 நொடியில், அதன் கிடைவிரைவு நொடிக்கு 1,680 மீட்டரினின்று 358 மீட்டராகத் தணிக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கணக்கிடுக: தணிந்தது 1,322, அதை 690ஆல் வகுக்க ஏறத்தாழ 1.9. நொடிதோறும் நொடிக்கு 1.9 மீட்டர் அமர்முடுகல். அதற்குள் அது கடந்த தொலைவு? 1,680க்கும் 358க்கும் நிரவல் 1,019. அதை 690ஆல் பெருக்க ஏறத்தாழ 703 கிலோமீட்டர். மெய்யான அமர்முடுகல் முற்றும் சீரானதன்று, பாதையும் முற்றும் நேர்கோடன்று. ஆதலின் இது மதிப்பீடே. ஆயினும் எளாவூர்ப் பள்ளியின் கரும்பலகையில் நான்கே வரியில் முடியும் மதிப்பீடு.

அதற்கு நான்காண்டு முன்பு, 2019 செப்தம்பர் 7ஆம் நாள், சந்திரயான்-2இன் இறங்குகலம் நிலவில் மோதி வீழ்ந்தது. இறக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் விரைவுக் குறைப்பு, வகுத்திருந்த அளவினும் மிகுந்துபோனதே தொடக்கக் கோளாறு என்று நடுவணரசு நாடாளுமன்றத்தில் மறுமொழி தந்தது. அமர்முடுகல் ஒன்று அளவு பிறழ்ந்தமையால் ஓர் ஊர்தியே அழிந்தது.

இனி, இவற்றைச் செய்தோர் எம்மொழியில் கற்றோர்? 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் தமிழ்வழியில் பயின்றவர். சந்திரயான்-2 காலத்தில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராய் இருந்த சிவன், குமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் அரசுப்பள்ளியில் தமிழ்வழி கற்றவர். முடுக்கத்தை முடுக்கம் என்று கற்றமையால் அவர்தம் ஊர்தி மெதுவாய்ச் செல்லவில்லை.

இருந்தும் ஆளுவோர் செயல் எத்தகையது? 2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் அமைப்பியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதே ஆண்டு தமிழ்வழியில் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. இரண்டும் பாராட்டத்தக்கன. ஆயின் 2023இல் உறுப்புக் கல்லூரிகளில் அத்தமிழ்வழி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர். மாணாக்கர் சேரவில்லை என்பது கூறப்பட்ட ஏது. சேராமை ஏன் என்று கேட்டனரா? பள்ளியில் திசைவேகம், பொறியியலில் ஆங்கிலப் பெயர், ஈழத்து நல்ல நூலை எடுத்தால் அங்கே வேகம் வேறு பொருள். படிக்கத் தொடங்கும் முன்னே சொல்லகராதியோடு மல்லாடவேண்டிய பிள்ளை, எளிய வழி என்று ஆங்கிலத்தை நாடுவதில் வியப்பென்ன?

ஆகவே வேண்டுவது பெரிய மாநாடன்று. மலர் மாலையும் அன்று. தமிழ்நாட்டுப் பாடநூல் ஆசிரியரும் ஈழத்துப் பாடநூல் ஆசிரியரும், மலையகத்தாரும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழாசிரியரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, இயக்கவியலில் மட்டும் முதற்கண் ஒரு பட்டியலை முடித்தால் போதும். தொலைவு, இடப்பெயர்ச்சி, உந்தம் முதலியவற்றில் பெரும்பிணக்கில்லை. பிணக்குள்ள இடம் நான்கே. விரைவு, திசைவிரைவு என்பவற்றைத் தமிழ்நாடு ஏற்று வேகத்தை விடுக. ஈழமும் கதியையும் வேகத்தையும் விடுக. முடுக்கம் என்னும் எளிய வடிவை ஈழம் ஏற்க; அமர்முடுகல் என்னும் செப்பமான வடிவைத் தமிழ்நாடு ஏற்க. இருவர்க்கும் இழப்பு உண்டு, இருவர்க்கும் வரவு உண்டு. மாறும் காலத்தில் பாடநூலின் ஓரத்தில் பழைய சொல்லையும் அடைப்புக்குள் தந்தால், கும்மிடிப்பூண்டித் தந்தையும் தம் மகளோடு அமர்ந்து கணக்குச் செய்ய இயலும்.

இது நடக்கும்வரை எளாவூர் ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. ஏவூர்தி கிளம்பும் நாளில் கடற்பகுதிக்குச் செல்லற்க என மீனவர்க்கு முன்னறிவிப்பு வரும். ஓடங்கள் கரையேறிக் கிடக்கும். அன்றைய பாடும் இல்லை, அன்றைய வருவாயும் இல்லை. அந்நாளில் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லலாம். ஏவூர்தி முதற் சில நொடிகள் செங்குத்தாய், நேர்கோட்டில் எழும். எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய அதன் முடுக்கம் கூடிக்கொண்டே போகும். தொடர்வண்டிக்கு இசைந்த வாய்பாடு அதற்கு அப்படியே இசையாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் ஒலிக்கு முடுக்கம் இல்லை. வெயிற்காலத்துக் காற்றில் அது நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் வீதம் ஒரே விரைவில் வரும். சென்னை வானாய்வகத்தில் இருந்த கோல்டிங்காம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒலியை நொடியெண்ணி அளந்து, ஒலியின் விரைவை 1823ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்டது இவ்வழியிலேதான். தீவினின்று தீப்பிழம்பு தெரிந்தவுடன் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று நொடியெண்ணத் தொடங்கட்டும். எண்பத்தேழாம் எண்ணில் முழக்கம் வந்து சேர்ந்தால், எளாவூர்க்கரைக்கும் ஏவுதளத்துக்கும் இடையே 30 கிலோமீட்டர்.